பயிற்றாசிரியர் பாட் சம்மிட் அம்மையார்

ஆசிரியப் பணி வகுப்பறைக்குள் மட்டும் நடைபெறுவது அன்று. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் இன்றி, ஆடுகளத்தின் ஓரத்தில் நின்றவாறே கற்பிக்கும் ஆசிரியரும் உளர். அவரைப் பயிற்றாசிரியர் என வழங்குகிறோம். அத்தகையோருள் ஒருவர் பாட் சம்மிட் அம்மையார். அமெரிக்க நாட்டின் டென்னசிப் பல்கலைக்கழகத்தில், பெண்கள் கூடைப்பந்துக் குழுவுக்கு 38 ஆண்டுகள் தலைமைப் பயிற்றாசிரியராக விளங்கியவர் அவர். அவர்தம் குழு வென்ற ஆட்டங்கள் 1,098, தோற்றவை 208. இவ்வெண்கள் வியப்புக்கு உரியனவே. ஆயினும் இவற்றினும் கருதத்தக்கது வேறொன்று உண்டு. தம்மிடம் பயின்றோர் பெண்கள் என்பதற்காக, உழைப்பிலோ ஒழுங்கிலோ கல்வியிலோ எந்த அளவையும் அவ்வம்மையார் குறைத்துக்கொண்டதில்லை. அஃது எத்துணை அரிய செயல் என்பதை அறிய வேண்டுமாயின், அவ்விளையாட்டு பிறந்த காலத்தைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

1891-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில், இளைஞர் கிறித்தவச் சங்கத்தார் நடத்திய பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்சுமித் என்னும் ஆசிரியர் பணியாற்றி வந்தார். வெளியே கடுங்குளிர், பனி பெய்து மைதானத்தை மூடியிருந்தது. மாணவர்களோ அடைபட்ட கூடத்தில் ஒரே வகையான உடற்பயிற்சியைச் செய்து செய்து சலிப்புற்றிருந்தனர். நெய்சுமித் ஒரு புதிய ஆட்டத்தை வகுத்தார். பழம் இடும் கூடைகள் இரண்டினை மேல்மாடத்தின் விளிம்பில், தரைக்குப் பத்தடி உயரத்தில், ஆணி அடித்து மாட்டினார். 18 மாணவர்களை ஒன்பதின்மராக இரு பிரிவு ஆக்கினார். பந்தைக் கூடையில் இடுக என்றார். 13 விதிகளையும் எழுதிச் சுவரில் ஒட்டினார். கூடையின் அடியில் துளை இல்லாமையால், பந்து உள்ளே விழும்போதெல்லாம் ஒருவர் ஏறி அதனை எடுத்துத் தர வேண்டியிருந்ததாம்! இவ்வாறு பிறந்ததே கூடைப்பந்தாட்டம்.

அவ்வாட்டம் தோன்றிய சில திங்களிலேயே பெண்களிடமும் வந்து சேர்ந்தது. ஸ்பிரிங்பீல்டுக்கு அருகில் ஸ்மித் கல்லூரி என்னும் பெண்கள் கல்லூரி உள்ளது. ஆங்கு உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த செண்டா பெரென்சன் அம்மையார், 1892-ஆம் ஆண்டில் தம் மாணவியர்க்கு அதனைக் கற்பித்தார். 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அக்கல்லூரியின் முதலாண்டு மாணவியரும் இரண்டாமாண்டு மாணவியரும் எதிரெதிரே ஆடினர். ஆடவர் காணுதல் தகாது என்று கருதி, அவர்களை உள்ளே விடவில்லை. இது மட்டுமன்று. பெண்கள் நெடுந்தூரம் ஓடினால் உடல் நலியும் என்பது அக்கால மருத்துவர் பலரின் கொள்கை. ஆதலின், பெரென்சன் அம்மையார் ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகக் கோடு கிழித்துப் பிரித்தார். ஒரு பகுதியில் நிற்பவள் மற்றொரு பகுதிக்குச் செல்லலாகாது என விதித்தார். அன்றைய நிலையில், பெண்கள் ஆடுகளத்துக்கு வந்ததே பெரும் புரட்சி. அதனைக் காக்கும் பொருட்டே அவர் அவ்விதியைச் செய்தார் என்று கொள்ளுதல் தகும். ஆனால் காப்பாக இட்ட கோடு காலப்போக்கில் தளையாக மாறியது.

எங்ஙனம் எனின், அமெரிக்காவின் பல மாநிலங்களில் பள்ளி மாணவியர் ஆட்டம் பிற்காலத்தில் அறுவர் ஆட்டமாக அமைந்தது. களம் நடுக்கோட்டால் இரு பாதியாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பாதியில் பந்து எறிவோர் மூவர். மறு பாதியில் தடுப்போர் மூவர். நடுக்கோட்டை எவரும் கடத்தல் கூடாது. பந்தைத் தரையில் இருமுறைக்கு மேல் தட்டிச் செல்லவும் கூடாது. இதன் பயனை எண்ணிப் பாருங்கள். தடுப்பவளாக நிறுத்தப்பட்ட ஒரு மாணவி, பள்ளிக்காலம் முழுவதும் ஆடிய பின்னும், போட்டியில் ஒருமுறையேனும் கூடையை நோக்கிப் பந்தை எறிந்தறியாதவளாகவே வெளியேறினாள். டென்னசி மாநிலத்தில் இம்முறை 1970-ஆம் ஆண்டுகளிலும் வழக்கில் இருந்தது.

நம் நாட்டில் இவ்வாட்டம் பரவியதும் அதே சங்கத்தின் வாயிலாகவே ஆகும். ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பார் சென்னைக்கு வந்து, 1920-ஆம் ஆண்டில் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றை நிறுவினார். சென்னை நந்தனத்தில் அஃது இன்றும் நடைபெறுகின்றது. அங்கிருந்து கற்றுச் சென்ற உடற்பயிற்சி ஆசிரியர்கள் பள்ளிதோறும் வளையம் நாட்டினர். சென்னையில் பிறந்து இந்தியப் பெண்கள் குழுவுக்குத் தலைமை தாங்கிய அனிதா பால்துரைக்கு 2021-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது என்றால், அவ்விதை எவ்வளவு தூரம் வேரோடியது என்பது விளங்கும்.

பாட் சம்மிட் அம்மையார் 1952-ஆம் ஆண்டு சூன் 14-ஆம் நாள் டென்னசி மாநிலத்துக் கிளார்க்ஸ்வில் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ரிச்சர்டு ஹெட், தாயார் ஹேசல். தமையன்மார் மூவர், தங்கை ஒருத்தி. மாடு கறத்தலும், புகையிலை பயிரிடுதலும், வைக்கோல் வாருதலும் அக்குடும்பத்தின் தொழில்கள். தந்தையார் கண்டிப்பு மிக்கவர், சொல் சுருக்கமானவர். ஆண்மக்கட்கு ஒரு வேலை, பெண்மகட்கு ஒரு வேலை என அவர் பிரிக்கவில்லை. மகளுக்கு வயது பன்னிரண்டாக இருக்கும்போது, ஒருநாள் அவளைப் புல்வெளியில் உழுபொறியின்மீது ஏற்றிவிட்டு, வாரவேண்டிய புல்லைச் சுட்டிக் காட்டிவிட்டுத் தம் வழியே சென்றுவிட்டாராம். எவ்வாறு செய்வது என்று கேட்பதற்கு ஆங்கு எவரும் இல்லை. மாலைக்குள் அச்சிறுமி அதனைத் தானே கற்றுக்கொண்டாள். இம்முறை சரியா என்று நாம் ஐயுறலாம். சிறுவரைப் பொறியின்மேல் தனியே விடுதல் இன்று எவருக்கும் ஒப்பாது. ஆனால் 'இவளால் இயலும்' என்று அத்தந்தை கொண்ட நம்பிக்கை, மகளின் உள்ளத்தில் ஆழப் பதிந்துவிட்டது.

நாள் வேலை முடிந்த பின்னர், வைக்கோல் சேமிக்கும் பரணில் விளக்கேற்றி, தமையன்மாரோடு கூடைப்பந்து ஆடுவது அவள் வழக்கம். அவர்கள் தங்கை என்று விட்டுக்கொடுக்கவில்லை. அவளும் அதனை எதிர்பார்க்கவில்லை. உயர்நிலைப் பள்ளி வயது வந்தபோது ஓர் இடர் நேர்ந்தது. அவர்கள் இருந்த பகுதியின் பள்ளியில் பெண்களுக்குக் கூடைப்பந்துக் குழு இல்லை. தந்தையார் நீண்ட பேச்சு ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாவட்டத்தைச் சேர்ந்த ஹென்றியெட்டா என்னும் சிற்றூருக்குக் குடும்பத்தையே பெயர்த்துச் சென்றுவிட்டார். மகள் பந்தாடும் பொருட்டு ஓர் உழவர் குடிபெயர்வது எளிய செய்தி அன்று.

1970-ஆம் ஆண்டில் அவர் டென்னசிப் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் கிளையில் சேர்ந்தார். தமையன்மார்க்கு விளையாட்டுத் திறமைக்காகக் கல்லூரிகள் உதவித்தொகை அளித்திருந்தன. தங்கையும் அவர்களுக்குத் திறமையில் குறைந்தவர் அல்லர். ஆனால் பெண்களுக்கு அத்தகைய உதவித்தொகை கிடையாது. பெற்றோரே பணம் செலுத்தினர். 1971-ஆம் ஆண்டில் கல்லூரிப் பெண்கள் ஆட்டம் ஐவர் ஆட்டமாக மாற்றப்பட்டது. நடுக்கோட்டுத் தடை கல்லூரிகளில் நீங்கியது. மறு ஆண்டாகிய 1972-இல், அரசின் பொருளுதவி பெறும் கல்வி நிறுவனங்களில் ஆண், பெண் என்று வேற்றுமை காட்டுதல் கூடாது என அமெரிக்கப் பேரவை சட்டம் இயற்றியது. சட்டம் பிறந்தது, பயன் உடனே வரவில்லை. தாளில் எழுதிய உரிமையை ஆடுகளத்தில் கண்கூடாக்குவதற்கு ஆள்கள் வேண்டியிருந்தனர்.

கல்லூரியின் இறுதியாண்டில் பாட் அம்மையாரின் முழங்காலில் தசைநார் அறுந்தது. அக்காலத்தில் அவ்வாறு நேர்ந்தால் ஆட்டம் முடிந்தது என்றே கருதுவர். மருத்துவரும் அங்ஙனமே எண்ணினார். தந்தையாரோ, தம் மகள் ஒலிம்பிக்கில் ஆட இருக்கிறாள் என்றும், முழங்காலைச் செப்பம் செய்து தருமாறும் மருத்துவரிடம் உறுதியாகச் சொன்னார். பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் முதன்முதல் இடம்பெற்றது 1976-ஆம் ஆண்டு மான்ட்ரீல் நகரில். அமெரிக்கக் குழுவின் தலைவியருள் ஒருவராக அவர் ஆடி, வெள்ளிப் பதக்கம் பெற்றார். பொற்பதக்கம் சோவியத்து நாட்டுக்குச் சென்றது.

இதற்கு இடையிலேயே அவர்தம் வாழ்க்கைத் தொழில் தொடங்கிவிட்டது. 1974-ஆம் ஆண்டில், நாக்ஸ்வில் நகரத்துத் டென்னசிப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் பயிலவும், பெண்கள் குழுவுக்குத் துணைப் பயிற்றாசிரியராக இருக்கவும் அவர் இசைந்திருந்தார். ஆட்டக்காலம் தொடங்குமுன் தலைமைப் பயிற்றாசிரியர் விலகிவிடவே, அப்பொறுப்பு இவர்மேல் வந்து விழுந்தது. அப்போது அவருக்கு வயது 22. அதற்குமுன் ஓர் ஆட்டத்துக்கேனும் அவர் பயிற்சி அளித்ததில்லை. குழுவில் நால்வர்க்கு வயது 21! தம்மினும் ஓராண்டே இளையவர்க்கு ஆசிரியராக நின்று கட்டளையிடுதல் எத்துணை இக்கட்டானது என்பதை நாமே உய்த்துணரலாம்.

அவருக்குத் திங்கள் ஊதியம் 250 டாலர். அதற்கு அவர் செய்த வேலைகளைச் சொன்னால் நகைப்பும் வரும், இரக்கமும் வரும். பயிற்சி அளிப்பவர் அவரே. வெளியூர் ஆட்டங்களுக்கு வண்டி ஓட்டுபவர் அவரே. ஆட்டம் முடிந்ததும் அழுக்கேறிய ஆட்ட உடைகளை வெளுப்பவரும் அவரே. அவ்வுடைகளும் பல்கலைக்கழகம் வாங்கித் தந்தவை அல்ல. முன்னாண்டில் மாணவியர் இனிப்பு வடை போன்ற ஒருவகைப் பணியாரத்தை விற்று ஈட்டிய பணத்தில் வாங்கியவை. வெளியூரில் விடுதிக்குப் பணம் இல்லாதபோது, மறுநாள் எதிர்த்து ஆடவேண்டிய குழுவின் உடற்பயிற்சிக் கூடத்திலேயே பாய் விரித்து உறங்கியதும் உண்டு. இவற்றோடு அவர் பட்டப் படிப்பையும் தொடர்ந்தார். உடற்பயிற்சி வகுப்புகளும் நடத்தினார். தம் முழங்காலையும் தேற்றிக்கொண்டு ஒலிம்பிக்குக்கு ஆயத்தம் செய்தார்.

1974 திசம்பர் 7-ஆம் நாள் முதல் ஆட்டம். எதிர்க்குழு மெர்சர்க் கல்லூரி. காண வந்தோர் ஏறத்தாழ ஐம்பதின்மர். 84-க்கு 83 என்ற கணக்கில், ஒரே புள்ளியில், புதிய பயிற்றாசிரியரின் குழு தோற்றது. அடுத்த சனவரி 10-ஆம் நாள் முதல் வெற்றி கிட்டியது. அவ்வாண்டு முடிவில் வெற்றி 16, தோல்வி 8. அதன் பின்னர் 38 ஆண்டுகளில் ஓர் ஆண்டேனும் தோல்வி மிகுந்த ஆண்டாக அமைந்ததில்லை.

பல்கலைக்கழகத்தில் ஆடுகளம் முழுமையும் ஓடியாடும் மாணவியரைப் பயிற்றிய அவருக்கு, மாநிலப் பள்ளிகளில் இருந்த நடுக்கோட்டு விதி பெரும் இடையூறாகத் தோன்றியது. பாதிக் களத்தில் மட்டும் ஆடிய மாணவி, கல்லூரிக்கு வந்தபின் பந்து எறிதலையோ தடுத்தலையோ அடிமுதற்கொண்டு கற்க வேண்டியிருந்தது. பிற மாநில மாணவியரோடு போட்டியிட்டு உதவித்தொகை பெறவும் அவளால் இயலவில்லை. அம்முறை நீடிக்குமாயின் தம் மாநிலத்து மாணவியரைக் குழுவில் சேர்த்தல் அரிது என்று அம்மையார் வெளிப்படையாக எடுத்துரைத்தார். வழக்கு மன்றம் வரையிலும் சென்ற அச்சிக்கல், 1979-ஆம் ஆண்டில் டென்னசிப் பள்ளிகளும் ஐவர் ஆட்டத்துக்கு மாறியதோடு தீர்ந்தது. அம்மையார் பெற்ற கோப்பைகளைப் பலரும் நினைவு கூர்வர். இதனை நினைவு கூர்வோர் சிலரே. கோப்பை அவர் குழுவுக்கு உரியது. அக்கோடு அழிந்ததோ, அவரிடம் ஒருநாளும் பயிலாத ஆயிரக்கணக்கான சிறுமியர்க்கும் பயன்பட்டது.

அவர் பயிற்றிய முறை யாது? கூடையில் பந்தை இடுவது காண்பதற்கு அழகானது; கைதட்டலும் அதற்கே. அம்மையாரோ, தடுத்தாட்டத்துக்கும், கூடையில் விழாது தெறித்து வரும் பந்தைப் பாய்ந்து பற்றுவதற்கும் முதலிடம் தந்தார். பந்து எறியும் கை ஒருநாள் வாய்க்கும்; ஒருநாள் பிழைக்கும். ஓடித் தடுப்பதும், தெறித்த பந்துக்குத் தாவுவதும் அவ்வாறல்ல. அவை முயற்சியைப் பொறுத்தவை. முயற்சியை நாள்தோறும் கேட்கலாம் என்பது அவர் கருத்து. பயிற்சியின்போது தம் மாணவியர்க்கு எதிராக ஆண் மாணவர்களை நிறுத்தி ஆடச் செய்தார். தம்மினும் விரைந்து ஓடுவோரையும் உயர்ந்து தாவுவோரையும் நாள்தோறும் எதிர்த்துப் பழகியவர்க்கு, போட்டி நாளில் வரும் எதிரி அச்சம் தருபவர் அல்லர்.

விருத்தாசலத்தையும் அதனை அடுத்த நல்லூரையும் சார்ந்த மாணவர்கள் பீங்கான் சூளையைக் கண்டிருப்பர். சிறிய கிண்ணமாயினும் பெரிய சாடியாயினும் சூளைக்குள் வெப்பம் ஒன்றே. 'இது மெல்லிய கிண்ணம்' என்று இரங்கி வெப்பத்தைக் குறைத்தால், அஃது இறுகாது, நீரை உறிஞ்சிக்கொள்ளும், கை பட்டால் உடையும். அம்மையாரின் பயிற்சிக்களமும் அத்தகையது. அவர்தம் கூரிய பார்வையைக் கண்டு அஞ்சாத மாணவி இல்லை என்பர். ஒருமுறை வெளியூரில் சோம்பலாக ஆடித் தோற்றுத் திரும்பிய குழுவினரை, வீட்டுக்கு விடாமல், வியர்வை நனைந்த அதே உடைகளை மீண்டும் உடுக்கச் செய்து பயிற்சிக்களத்தில் இறக்கினார். இக்கடுமை மிகை என்று கூறுவோரும் இருந்தனர். இளமையில் தாம் அளவு கடந்து கடுமை காட்டியதைப் பிற்காலத்தில் அவரே உணர்ந்து, மாணவியரின் இயல்பறிந்து நடக்கக் கற்றுக்கொண்டார்.

அவர் வகுத்த பழக்கங்களுள் ஒன்று மிக நுட்பமானது. பயிற்சியின்போது தவற்றைச் சுட்டிக் கண்டித்தால், அம்மாணவி விளக்கம் கூறத் தொடங்கலாகாது; 'ரீபவுண்டு' என்று ஒரு சொல் மட்டும் சொல்ல வேண்டும். தெறித்த பந்தை மீண்டும் பற்றுவதற்கு ஆட்டத்தில் வழங்கும் பெயர் அது. 'கேட்டேன், திருத்திக்கொள்வேன்' என்பது அதன் பொருள். பாராட்டினால் 'இரண்டு புள்ளி' என்று மறுமொழி கூற வேண்டும். கண்டனம் கேட்டு மனம் சுருங்குவதற்கும், புகழ் கேட்டு மயங்குவதற்கும் இடமின்றி, ஆட்டம் தொடர்ந்து நடைபெறும்.

வகுப்பறையிலும் அவர் ஆட்சி சென்றது. குழுவைச் சேர்ந்தவர் எந்த வகுப்பிலும் முதல் மூன்று வரிசைகளுக்குள் அமர வேண்டும். தக்க காரணமின்றி ஒரு வகுப்பையும் தவறவிடுதல் கூடாது. ஆட்டத்தில் எவ்வளவு சிறந்தவராயினும் இதில் விலக்கு இல்லை. இதன் பயனாக, அவரிடம் தம் ஆட்டக்காலம் முழுவதையும் நிறைவு செய்த மாணவியர் ஒருவர் விடாமல் அனைவரும் பட்டம் பெற்றனர். விளையாட்டுக்குப் புகழ்பெற்ற பெரிய பல்கலைக்கழகங்களில் இதற்கு ஒப்பான செய்தியைக் காண்டல் அரிது. 1,098 என்னும் எண்ணினும் இதுவே பெரிது என்று கருதுவோர் பிழைபட மாட்டார்.

வெற்றி அவருக்கு எளிதில் வரவில்லை. 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அவர் பயிற்றிய அமெரிக்கக் குழு பொற்பதக்கம் பெற்றது. எட்டாண்டுகளுக்குமுன் ஆட்டக்காரராக வெள்ளி பெற்றவர், இப்போது ஆசிரியராகப் பொன்னைக் கண்டார். ஆனால் தம் பல்கலைக்கழகத்துக்குத் தேசியக் கல்லூரிப் போட்டியின் வாகை மட்டும் வாய்க்கவில்லை. இறுதிக் கட்டம் வரையில் சென்று பலமுறை வெறுங்கையராய் மீண்டார். பெரிய ஆட்டத்தில் வெல்லும் திறம் இவருக்கு இல்லை என்று கூறவும் சிலர் துணிந்தனர். பதின்மூன்றாம் ஆண்டில், 1987-இல், லூசியானாத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழுவை 67-க்கு 44 என வென்று முதல் வாகை சூடினார். அதன்பின் 1989, 1991, 1996, 1997, 1998, 2007, 2008 ஆகிய ஆண்டுகளிலும் வாகை அவருடையதாயிற்று, ஆக எட்டு.

1987 திசம்பரில் நாக்ஸ்வில் நகரில் எழுப்பப்பட்ட புதிய அரங்கில் டெக்சாசுக் குழுவோடு நடந்த ஆட்டத்தைக் காண 24,563 பேர் திரண்டனர். ஐம்பதின்மர் முன் தோற்றுத் தொடங்கிய பயணம் பதின்மூன்று ஆண்டுகளில் இவ்விடத்தை அடைந்தது. அன்றைய ஆட்டத்திலும் அவர் குழு தோற்றதுதான்! ஆனால் பெண்கள் ஆடினால் யார் வந்து காண்பர் என்ற வினாவுக்கு அன்று விடை கிடைத்துவிட்டது.

1996-ஆம் ஆண்டு வாகை சூடிய நாளில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியும் சொல்லத்தக்கது. ரிச்சர்டு ஹெட் தம் அன்பை வெளிக்காட்டி அறியாதவர். ஊர் விட்டு ஊர் பெயர்ந்தவர், மருத்துவரிடம் வாதாடியவர், எனினும் மகளை ஒருநாளும் தழுவிக்கொண்டதில்லை. அன்று அரங்கில் மகளைத் தழுவிக்கொண்டார். அப்போது மகளுக்கு வயது 43.

1997-ஆம் ஆண்டுக் குழு அவ்வாட்டக்காலத்தில் பத்து ஆட்டங்களில் தோற்றும் இறுதியில் வாகை சூடியது. அடுத்த ஆண்டோ 39 ஆட்டங்களில் 39-உம் வென்றது. அக்குழுவில் டமிக்கா கேச்சிங்ஸ் என்னும் மாணவி இருந்தார். பிறவியிலேயே செவிப்புலன் குறைந்தவர். சிறுமியாக இருந்தபோது, உடன் பயில்வோர் எள்ளியது பொறாமல், தம் செவிக்கருவியை வெளியே வீசி எறிந்துவிட்டார். அதுமுதல் கருவியின்றியே வாழ்ந்துவந்தார். அம்மையார் அவரை அழைத்து, கருவியை மீண்டும் அணியவும், பேச்சுப் பயிற்சி பெறவும் வற்புறுத்தினார். மறைத்துக்கொள்ள வேண்டிய இழிவு இதில் ஒன்றுமில்லை என்பதை உணர்த்தினார். அம்மாணவி பின்னாளில் 2004 முதல் 2016 வரை நடந்த நான்கு ஒலிம்பிக்குகளிலும் பொற்பதக்கம் பெற்றார்.

அம்மையாரின் புகழ் ஓங்கியபோது, அதே பல்கலைக்கழகத்தின் ஆண்கள் குழுவுக்குப் பயிற்றாசிரியராக வருமாறு இருமுறை அவரை அணுகினர். உலகத்தார் அதனைப் பதவி உயர்வு என்றே எண்ணுவர். அம்மையாரோ, அது ஏன் உயர்வு எனக் கருதப்படவேண்டும் என்று வினவினார். பெண்கள் குழுவிலேயே நிலைத்தார். 250 டாலரில் தொடங்கிய அவர், 2006-ஆம் ஆண்டில் ஆண்டுக்குப் பத்து இலட்சம் டாலருக்கு மேல் ஊதியம் பெற்ற முதல் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்றாசிரியர் ஆனார். பணத்தைப் பெரிதாகக் கூறுவது நோக்கமன்று. உழைப்புக்கு உலகம் இடும் விலை மாறியதைக் காட்டுதற்கே இது கூறப்பட்டது.

இவ்வாறு நடைபெற்ற வாழ்க்கையில், எவரும் எதிர்பாராத ஒரு துன்பம் வந்தது. எத்தனையோ ஆட்டங்களின் போக்கையும் நூற்றுக்கணக்கான உத்திகளையும் நினைவில் வைத்திருந்தவர்க்கு, சிறு சிறு செய்திகள் மறக்கலாயின. மருத்துவர்கள் ஆய்ந்து, அல்சைமர் என்னும் மறதிநோய் முதுமைக்கு முன்னரே தோன்றியுள்ளது என்றனர். இந்நோயில் மூளையின் அணுக்கள் சிறிது சிறிதாக அழிகின்றன; நினைவும் சிந்தனையும் படிப்படியாகக் குறைகின்றன. அதனை முற்றிலும் போக்கும் மருந்து இன்றளவும் இல்லை. அப்போது அவருக்கு வயது 59. பலர் இதனை மறைத்திருப்பர். அம்மையார் 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தம் மாணவியரிடம் முதலிற் கூறிவிட்டு, உலகறிய அறிவித்தார். தம்மீது இரக்கம் கொள்ளுதல் வேண்டா என்றும், பணியைத் தொடர்வதாகவும் சொன்னார். நோய்க்கான ஆராய்ச்சிக்கும், நோயாளரைப் பேணுவோர்க்கும் உதவ அறநிலையம் ஒன்றையும் தொடங்கினார்.

மேலும் ஓர் ஆட்டக்காலம் அவர் களத்தோரம் அமர்ந்தார். துணைப் பயிற்றாசிரியர்கள் அவர் சுமையின் பெரும்பகுதியைத் தாங்கினர். 2012 மார்ச்சு 26-ஆம் நாள் பெய்லர்ப் பல்கலைக்கழகத்திடம் தோற்றதே அவர்தம் இறுதி ஆட்டம். அடுத்த திங்களில் பொறுப்பை விட்டு விலகினார். முன்பு அவரிடமே பயின்று, பின் 27 ஆண்டுகள் அவருக்குத் துணையாக இருந்த ஹாலி வார்லிக் அப்பதவிக்கு வந்தார். அவ்வாண்டே நாட்டின் தலைவர் அம்மையாருக்கு விடுதலைப் பதக்கம் அளித்துச் சிறப்பித்தார். 2016 சூன் 28-ஆம் நாள், தம் 64-ஆம் வயதில், அம்மையார் மறைந்தார்.

அவர் நிறுவிய 1,098 என்னும் எண் நிலைத்து நிற்கவில்லை. 2020 திசம்பரில் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்துப் பயிற்றாசிரியர் தாரா வான்டர்வீர் அம்மையார் அதனைக் கடந்தார்.  பாட் அம்மையாரிடம் பயின்ற மாணவியர் பலர், பல்வேறு மாநிலங்களில் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிற்றாசிரியராக இருக்கின்றனர். அவர் பணியாற்றிய அரங்கின் ஆடுகளத்துக்கு அவர் பெயரே இடப்பட்டுள்ளது. அவ்வாடுகளத்திலும் நடுவே ஒரு கோடு உண்டு. இரு குழுவினரும் ஆட்டம் தொடங்கியது முதல் அதனைக் கடந்து ஓடிய வண்ணம் இருக்கின்றனர்.